பள்ளிக்கூடமும் பிள்ளைகள் வார்த்தையும்

(படவேட்டில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேசும்படி கேட்டுக் கொள்ளப்பட்ட விஷயம் பள்ளிக்கூடத்தைப் பற்றியதாகும். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சாதாரணமாகக் கட்டடத்தைப் பற்றியும், உபாத்தியாயர் எண்ணிக்கையைப் பற்றியும், பரீட்சையில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைப் பற்றியுமே பேசுவது வழக்கம். அவற்றைப் பேச வேறு பலர் இருக்கிறார்கள். நாம் பேசப் போவது என்னவென்றால், தினம் ஏழெட்டு மணி நேரம் அந்தக் கட்டடத்துக்குள் இருந்து தீர வேண்டிய பிள்ளைகளைப் பார்த்து, "இந்த இடம் உனக்குப் பயமில்லாத இடமாக இருக்கிறதா? இல்லையென்றால் எதை மாற்ற வேண்டும்?" என்று யாராவது கேட்டதுண்டா என்பதேயாகும். அதோடு, கேட்கிறவன் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுகிற பொறுப்பையும் பதில் சொல்லுகிற பொறுப்பையும் ஏற்றுக் கொள்ளாமல் கேட்பது, கேட்காமல் இருப்பதை விடக் கெடுதல் என்பதையும் சொல்லவே வந்திருக்கிறோம்.

உங்கள் ஊருக்கு ஆடி மாதத்து வெள்ளிக்கிழமைகளில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் வருகிறார்கள். ரேணுகாம்பாள் கோவிலுக்கு வருகிறார்கள். சம்புவராயர் ஆண்ட தலைநகரம் என்று பழங்கோட்டையைப் பார்க்கவும் சிலர் வருகிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பார்க்க ஒருவரும் வருகிறதில்லை. அது போகட்டும். அந்த ரேணுகை கதை இருக்கிறதே, அதை நீங்கள் ஆடிக்கு ஆடி கேட்டிருப்பீர்கள். ஜமதக்கினி முனிவன் தன் பெண்சாதி மீது சந்தேகம் கொண்டான். பெற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உங்கள் தாயை வெட்டுங்கள்" என்றான். மூத்த பிள்ளைகள் நால்வரும் மாட்டோம் என்றார்கள். மாட்டோம் என்றவர்களுக்குச் சாபம் கிடைத்தது. கடைசிப் பிள்ளை பரசுராமன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கோடாலியை எடுத்தான். அவனுக்கு வரம் கிடைத்தது. தாயை உயிர்ப்பிக்கும்படி அந்த வரத்தில்தான் கேட்டான் என்று சமாதானம் சொல்லுவார்கள். அம்மன் பேரில் நமக்கு யாதொரு சண்டையும் இல்லை; வெட்டுப்பட்டவள் அவள். நாம் கேட்பதெல்லாம், அந்த நான்கு பிள்ளைகளைப் பற்றி யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கேட்டிருக்கிறீர்களா என்பதுதான். அவர்கள் பெயரை இங்கிருக்கிற யாராவது சொல்ல முடியுமா? தகப்பன் சொன்னான் என்பதற்காகத் தாயை வெட்டியவன் பெயர் எல்லோருக்கும் தெரியும். அநியாயம் என்று தெரிந்து மறுத்தவர்கள் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிற இந்தப் பாடத்தை நாம் முதல் வகுப்புக்கு முன்பே வீட்டில் முடித்து விடுகிறோம்.

அந்தப் பாடம் முடிந்த பிள்ளையைத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். போய் உபாத்தியாயரிடம் என்ன சொல்லுகிறோம்? "கண் ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்கிறோம். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று பழமொழி வேறு வைத்திருக்கிறோம். 2009ஆம் வருஷத்திய கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, எந்தப் பிள்ளையையும் உடம்பில் அடிக்கவோ மனத்தை வதைக்கவோ கூடாதென்று சொல்லி, 2010 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமுலில் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, தகப்பன் எழுதிக் கொடுக்காத அதிகாரப் பத்திரத்தை வாயால் கொடுத்து விட்டு வருகிறான். அப்படிக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பிள்ளை கேட்டுக் கொண்டிருக்கிறது. பிறகு ஒரு நாள் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதாவது தீங்கு நேர்ந்தால், அது யாரிடம் வந்து சொல்லும்? தோலை உரிக்கச் சொன்னவனிடமா?

நிற்க, பிள்ளை சொன்ன வார்த்தைக்கு என்ன பலம் உண்டு என்பதற்கு, சுயமரியாதைக்காரர்கள் அறிந்த பழைய சங்கதி ஒன்று இருக்கிறது. திருநெல்வேலி ஜில்லா சேரன்மாதேவியில் வ.வே.சு. அய்யர் ஒரு குருகுலம் நடத்தினார். தேசியக் கல்வி கொடுக்கிற ஸ்தாபனம் என்று அதற்குத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டு, ஐயாயிரத்தைக் கொடுத்தும் விட்டது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் தண்ணீர்ப் பானையும் தனி. மற்றப் பிள்ளைகளுக்குத் தனி. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருடைய மகன் அங்கே படித்து வந்தான். தனக்கு ஆகாத பானையில் தண்ணீர் மொண்டு குடித்ததற்காக அடிபட்டு, அதைத் தகப்பனாரிடம் வந்து சொன்னான் என்பதைப் பெரியார் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்த ரெட்டியார்தான் பிற்காலத்தில், 1947இல், சென்னை ராஜதானிக்குப் பிரதம மந்திரியாக வந்தவர். மகன் சொன்னதை அவர் தலைவர்களிடம் சொன்னார். டாக்டர் வரதராஜுலு நாயுடு பத்திரிகையில் எழுதினார். பெரியார் காங்கிரசுக்குள் சண்டை போட்டார். 1925இல் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாதென்று தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில் எஸ். ராமநாதன் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றும்படி ஆயிற்று. அதே வருஷக் கடைசியில் காஞ்சிபுரம் மகாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார்.

ஒரு பையன் தாகத்துக்குத் தண்ணீர் குடித்து, அடிபட்டு, வீட்டில் வந்து உள்ளதைச் சொன்னதிலிருந்து இந்த நாட்டு அரசியலே ஒரு திருப்பம் திரும்பிற்று என்று சொன்னால் அது மிகையாகாது. ஆனால் இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு பாகமும் உண்டு. அந்தப் பையனுக்கு, சொன்னால் கேட்கிற தகப்பன் இருந்தார். அந்தத் தகப்பனுக்கு, சொன்னால் கேட்கிற தலைவர்கள் இருந்தார்கள். அதே பானைக்கு அப்பால் நிறுத்தப்பட்ட மற்றப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள் அல்லவா? அவர்களில் எவனாவது ஓர் ஏழைக் குடியானவன் மகன் போய்ச் சொல்லியிருந்தால், "பெரியவங்க காரணமில்லாமல் செய்வாங்களா, வாயை மூடிக்கிட்டுப் படி" என்று வீட்டிலேயே அது முடிந்திருக்கும். பணக்காரன் மகன் வார்த்தை அம்பலம் ஏறுகிறது. ஏழை மகன் வார்த்தை திண்ணையைக் கூடத் தாண்டுவதில்லை. ஆகையினால், பிள்ளையின் வார்த்தை தகப்பனுடைய யோக்கியதையை நம்பி இருக்கக் கூடாது. அது தானாகவே போய்ச் சேருவதற்கு ஒரு வழி, எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக, ஏற்பட்டிருக்க வேண்டும் என்கிறோம்.

ஏழை மகன் என்று நாம் எங்கேயோ இருக்கிறவனைச் சொல்லவில்லை. ஆரணிப் பட்டு என்று பேர் பெற்ற சேலை இந்த வட்டாரத்துக் குழித்தறிகளில் பிறக்கிறது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா என்று ஓட வேண்டியிருப்பதால், நெய்கிறவர் ஒருவரும் பக்கத்தில் கரை நாடா போடுகிறவர் ஒருவருமாக இரண்டு பேர் வேண்டும் என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த இரண்டாவது ஆள் வெகுகாலம் யாராக இருந்தது? எட்டு வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் தானே? தகப்பன் முன்பணம் வாங்கியிருப்பான், அது தீருகிற வரையில் பிள்ளை இன்னொருவர் தறியில் உட்கார வேண்டும். தார் சுற்றுவது, இழை முடிவது, கரை நாடா போடுவது என்று பொழுது விடிந்தது முதல் விளக்கு வைக்கிற வரையில் அந்த விரல்கள் வேலை செய்தன. 1986இல் ஒரு சட்டம் வந்தது. 2016இல் அது திருத்தப்பட்டு, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாதென்று ஆயிற்று. ஆனால் சொந்தக் குடும்பத் தொழிலில், பள்ளிக்கூட நேரம் போக மற்ற நேரத்தில் ஒத்தாசை செய்யலாம் என்று ஒரு சந்தும் அதிலேயே விடப்பட்டது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஊரில் அந்தச் சந்து எவ்வளவு அகலம் என்பதை வீட்டுக்காரர்களே அறிவார்கள்.

இதை ஏன் சொல்லுகிறோம் என்றால், தறியில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளையை, "உனக்குச் சம்மதமா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைத் தறியிலிருந்து இறக்கிப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தபோதும் கேட்கவில்லை. இரண்டாவது செய்தது நல்ல காரியந்தான்; அதில் சந்தேகமில்லை. ஆனால் பலகையிலிருந்து பெஞ்சுக்கு மாற்றியதோடு விடுதலை வந்து விடாது. அங்கே அடி, இங்கேயும் அடி. அங்கே வாய் திறக்கக் கூடாது, இங்கேயும் திறக்கக் கூடாது என்றால், "தறியே தேவலை, நாலு காசாவது வரும்" என்று பிள்ளையே ஓடிப்போய் உட்கார்ந்து கொள்ளும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோன பிள்ளைகளுக்கு வறுமை ஒன்றே காரணம் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் நின்ற பெண்பிள்ளை இல்லையா? பெயரைச் சொல்லாமல் ஜாதியைச் சொல்லிக் கூப்பிட்டதால் நின்ற பையன் இல்லையா? அவர்களைக் கேட்டால்தானே தெரியும்!

கட்டடத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 2004 ஜூலை 16ந் தேதி கும்பகோணத்தில் கூரை போட்ட வகுப்புகளில் தீப்பிடித்து 94 குழந்தைகள் வெந்து போனார்கள். குறுகலான ஒரே மாடிப்படி. அதிகாரிகள் எப்போதோ ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுப் போன கட்டடம் அது. தினம் நெருக்கியடித்துக் கொண்டு அந்தப் படியில் ஏறி இறங்கினவர்கள் குழந்தைகள். 2019 நவம்பரில் கேரளத்தில், வயநாடு சுல்தான் பத்தேரியில், வகுப்பறைக்குள் இருந்த பொந்தில் பாம்பு கடித்து ஐந்தாம் வகுப்புப் பெண் செத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உபாத்தியாயர்கள் தாமதம் செய்தார்கள் என்று வெளியில் வந்து சொன்னவர்கள் யார்? கூடப் படித்த பிள்ளைகள். பெரியவர்கள் ஆளுக்கொரு சமாதானம் சொல்லிக் கொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளைகள் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்று கண்டதைக் கண்டபடி சொன்னார்கள். அதற்குப் பிறகே உபாத்தியாயர் சஸ்பெண்டு ஆனார். 2021 டிசம்பர் 17ந் தேதி திருநெல்வேலியில் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு ராஜ்யம் முழுவதும் பழைய கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். எந்தச் சுவர் ஆடுகிறது, எந்த மூலையில் பூச்சி பொட்டு இருக்கிறது, எந்தக் குழாயில் தண்ணீர் நாறுகிறது என்பதெல்லாம் இஞ்சினீயருக்குத் தெரிவதற்கு முன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அதைக் கேட்டறிய ஒரு காசு செலவில்லை.

இனிச் சொல்லப் போவது தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. முகாம் என்று பொய் சொல்லி ஒருவன் முகாம் நடத்தினான். அதில் தங்கியிருந்த சிறு பெண்ணொருத்தியைக் கெடுத்தான். அந்தப் பெண் பள்ளிக்கூடத்துப் பெரியவர்களிடம் சொல்லியும் இருக்கிறாள். சொன்னதைப் போலீசுக்குச் சொல்லாமல் அமுக்கப் பார்த்தார்கள் என்று பள்ளிக்கூடத் தலைமையில் இருந்தவர்களும் கைதானார்கள். தோழர்களே, இதில் அந்தப் பெண் ஊமையாக இருக்கவில்லை. அவளுக்கு வாய் இருந்தது. கேட்டவர்களுக்குக் காது இல்லை. "பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர் வந்து விடும்" என்பதுதான் அந்தக் காதை அடைத்த பஞ்சு. 2012ஆம் வருஷத்திய போக்சோ சட்டத்தின்படி இப்படிப்பட்ட குற்றம் தெரிந்தவர் யாராயிருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே தீர வேண்டும். தன் கீழ் வேலை செய்கிறவன் செய்த குற்றத்தை ஒரு ஸ்தாபனத் தலைவர் மறைத்தால் அவருக்கு ஒரு வருஷம் வரையில் ஜெயில் உண்டு. பள்ளிக்கூடத்தின் மானம் பெரிதா, பிள்ளையின் மானம் பெரிதா என்று பார்லிமெண்டுக்குக் கூடச் சந்தேகம் வரவில்லை. நமக்கு ஏன் வர வேண்டும்?

இப்போது நாங்குநேரிக்கு வருகிறோம். 2023ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு பையன், பன்னிரண்டாம் வகுப்பு, நன்றாகப் படிக்கிறவன். கூடப் படிக்கிற வேறு ஜாதிப் பையன்கள் அவனை ஏவல் வேலை வாங்கினார்கள், இம்சித்தார்கள். அவன் பள்ளிக்கூடம் போகாமல் நின்றான். ஏன் வரவில்லை என்று பள்ளிக்கூடத்தில் விசாரித்தார்கள். அவன் உள்ளதைச் சொன்னான். சொன்ன அன்று இரவே, ஆகஸ்டு 9ந் தேதி, அந்தப் பையன்கள் அரிவாளோடு வீட்டுக்குள் புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அண்ணன் தங்கை இருவரும் பிழைத்தது பெரிது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கும்படி கேட்டுக் கொள்கிறோம். "பிள்ளைகளைப் பேச விடுங்கள், பேச விடுங்கள்" என்று இன்று பல பேர் சொல்லுகிறார்கள். நாமும் சொல்லுகிறோம். ஆனால் நாங்குநேரிப் பையன் பேசினானே! பெரியவர்கள் கேட்டார்கள், அவன் பேசினான். கேட்டவர்களுடைய எண்ணம் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. கேட்ட வார்த்தை யார் காதுக்குப் போகலாம், யார் காதுக்குப் போகக் கூடாது. சொன்ன பிள்ளை அன்று மாலை எந்த வழியாக வீட்டுக்குப் போகும். அன்று இரவு அந்த வீட்டுக்கு யார் காவல் என்கிற யோசனை முன்கூட்டியே இல்லாமற் போயிற்று. பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லுகிறவன் அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கவும் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், பயந்து வாயை மூடிக்கொண்டிருந்த பிள்ளைதான் புத்திசாலி என்று மற்றப் பிள்ளைகள் எல்லாம் பாடம் கற்றுக் கொள்ளும்.

அந்தக் கொடுமைக்குப் பிறகு சர்க்கார், ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் கமிட்டியாக நியமித்தார்கள். அவர் 2024 ஜூன் 18ந் தேதி முதல் மந்திரியிடம் அறிக்கை கொடுத்தார். பள்ளிக்கூடங்களின் பெயரில் இருக்கிற ஜாதிப் பட்டங்களை எடுத்துவிட வேண்டும். ஜாதியைக் காட்டுகிற வர்ணக் கயிறும் மோதிரமும் நெற்றிக் குறியும் பள்ளிக்கூடத்தில் கூடாது. பிள்ளைகளைப் பெயரின் எழுத்து வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். பெரிய பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் குறைகளைக் கவனிக்கவே தனி அதிகாரி வேண்டும். எல்லா ஜாதிப் பிள்ளைகளும் சேர்ந்த சமூக நீதி மாணவர் படை ஒன்று வேண்டும் என்றெல்லாம் யோசனை சொன்னார். உடனே சிலருக்குக் கோபம் வந்து விட்டது. கயிறு கட்டுவது எங்கள் சம்பிரதாயம், நெற்றியில் வைப்பது எங்கள் மதம் என்றார்கள். சிவப்பும் மஞ்சளும், பச்சையும் மஞ்சளும் என்று ஜாதிக்கொரு கலர் கயிறாகப் பையன் கையில் ஏறியது எந்தச் சாமி சொல்லி என்று கேட்டால் பதில் இல்லை.

இங்கே ஒரு தோழர், "அய்யா, வெட்டினவனும் மாணவன் தானே? மாணவர் குரல் என்று எல்லாவற்றையும் அவர்கள் கையில் கொடுத்தால் அவன் குரலும் அல்லவா ஓங்கும்?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பையன்களும் பிள்ளைகளே. அந்த ஜாதித் திமிர் அவர்கள் தாயின் வயிற்றிலேயே கற்றதல்ல. திண்ணையில், டீக்கடையில், கல்யாண வீட்டில், கோவில் திருவிழாவில் பெரியவர்கள் பேசினதை அப்படியே கொண்டுபோய் வகுப்பில் பேசினார்கள். அது பிள்ளைகள் குரல் அல்ல, நம்முடைய குரல். நாம் கேட்பது தலையை எண்ணிப் பார்த்துப் பெரும்பான்மைப் பிள்ளைகள் சொல்லுகிறபடி நடத்துங்கள் என்பதல்ல. வகுப்பில் எல்லோரிலும் பலமில்லாத பிள்ளை எது? தன் ஜாதியில் தான் ஒருவனாக இருக்கிறவன், நொண்டி என்று கேலி செய்யப்படுகிறவன், பேச்சுத் திக்குகிறவன், தகப்பன் இல்லாத பெண். அந்தப் பிள்ளை பயமில்லாமல் பேச முடிகிறதா என்பதுதான் அளவுகோல்.

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்பது அடுத்த கேள்வி. போலந்து தேசத்தில் யானுஸ் கோர்ச்சாக் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1912 முதல் வார்சா நகரத்தில் யூத அனாதைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி நடத்தினார். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக இருக்கிற ஒரு கோர்ட்டு ஏற்படுத்தினார். பிள்ளை மேல் பிள்ளை புகார் கொடுக்கலாம். உபாத்தியாயர் மேலும் கொடுக்கலாம். டாக்டர் மேலேயே கொடுக்கலாம். கொடுத்தும் இருக்கிறார்கள், அவரும் அந்தக் கோர்ட்டில் நின்றிருக்கிறார். அந்தக் கோர்ட்டின் சட்டப் புத்தகத்தில் அதிகமாக இருந்தது மன்னிப்பு விதிகளே. தன்னை விசாரிக்கப் பிள்ளைகளுக்கு அதிகாரம் கொடுத்ததால் அவருடைய மதிப்பு குறைந்து விட்டதா? 1942இல் நாஜிகள் அந்தப் பிள்ளைகளைக் கொலைக் களத்துக்குக் கொண்டு போனபோது, அவர் தப்பித்துக் கொள்ள வழி இருந்தும், அவர்களை விட்டுப் போக மறுத்துக் கூடவே போய் இறந்தார்.

ஏ.எஸ். நீல் என்பவர் 1921இல் ஆரம்பித்த சம்மர்ஹில் பள்ளிக்கூடம் இங்கிலாந்தில் இன்னும் நடக்கிறது. அங்கே பள்ளிக்கூடத்து விதிகளைக் கூட்டம் போட்டு முடிவு செய்கிறார்கள். தலைமை உபாத்தியாயருக்கும் ஒரு ஓட்டு, சிறு பிள்ளைக்கும் ஒரு ஓட்டு. அந்தத் தேசத்துச் சர்க்கார் அதை மூடிவிடப் பார்த்து, 2000ஆம் வருஷத்தில் வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. சமரசத்துக்குச் சர்க்கார் இறங்கி வந்தபோது, பிள்ளைகள் கோர்ட்டு அறையிலேயே தங்கள் கூட்டத்தை நடத்தி, ஓட்டெடுத்து, சமரசத்தை ஏற்றுக் கொண்டார்கள். அது காசுள்ளவர்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் என்பீர்கள். சரி, ராஜஸ்தானத்துத் திலோனியாவுக்கு வாருங்கள். பகலெல்லாம் ஆடு மாடு மேய்க்கிற பிள்ளைகளுக்கு அங்கே இராப் பள்ளிக்கூடங்கள் ஏற்பட்டன. அந்தப் பிள்ளைகள் 1993 முதல் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒரு பிள்ளைகள் பார்லிமெண்டை நடத்தினார்கள். உபாத்தியாயர் ஒழுங்காக வருகிறாரா, விளக்கு எரிகிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. ஆடு மேய்க்கிற பெண் அங்கே பிரதம மந்திரி. ஆட்டுக் கணக்குத் தவறாமல் வீடு வந்து சேருகிறவளுக்கு உபாத்தியாயர் வந்த கணக்குத் தெரியாமலா போகும்?

நம் தேசமும் 1992இல் உலகக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன் 12ஆவது விதி, தன்னைப் பற்றிய எந்த விஷயத்திலும் பிள்ளை தன் அபிப்பிராயத்தைச் சொல்லவும், வயதுக்கும் பக்குவத்துக்கும் தக்கபடி அது மதிக்கப்படவும் உரிமை உண்டு என்கிறது. கட்டாயக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது விதி. நல்ல விதி. ஆனால் பார்லிமெண்டில் நிறைவேறிய அந்தச் சட்டத்தின் வாசகத்தில் பெற்றோர் பெயர் இருக்கிறது, உபாத்தியாயர் பெயர் இருக்கிறது, உள்ளூர்ப் பிரதிநிதி பெயர் இருக்கிறது. படிக்கிற பிள்ளை பெயர் இல்லை. 2021இல் சென்னையில் பழைய மாணவிகள் வெளிப்படையாகப் பேசிய பிறகு, பள்ளிக்கூடந்தோறும் மாணவர் பாதுகாப்புக்கென்று ஒரு ஆலோசனைக் குழு வைக்க உத்தரவாயிற்று. "மாணவர் மனசு" என்று பெயர் எழுதிய புகார்ப் பெட்டிகளும் வந்தன. 14417 என்றும், 1098 என்றும் கூப்பிட டெலிபோன் நம்பர்களும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் நாம் குறைவாகப் பேசவில்லை. பெட்டி வைத்தது சரி. அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது? அது எங்கே மாட்டப்பட்டிருக்கிறது? தலைமை உபாத்தியாயர் அறை வாசலில் மாட்டினால், எந்தப் பிள்ளை எந்த நாள் சீட்டுப் போட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்து போகுமே! போட்ட சீட்டுக்குப் பதில் என்ன வந்தது என்று பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? பதில் வராத பெட்டியில் பிள்ளைகள் மிட்டாய்க் காகிதத்தைத்தான் போடும்.

ஆகவே இந்த ஊர்த் தோழர்கள் செய்யக் கூடியதாக நாம் சொல்லுவது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மேலாண்மைக் குழு கூடுவதற்கு முன் ஒரு நாள், பெரியவர்கள் ஒதுங்கிக் கொண்டு, பிள்ளைகள் தங்களுக்குள் கூடட்டும். பெண்பிள்ளைகள் தனியாகவும் கூடட்டும். சில சங்கதி அப்படித்தான் வெளியில் வரும். ஒரு பெரிய காகிதத்தில் பள்ளிக்கூடத்தையும் வீட்டிலிருந்து வருகிற வழியையும் பிள்ளைகளே வரைந்து, பயப்படுகிற இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வைக்கட்டும். கிணற்றடியா, சாராயம் குடிக்கிறவர்கள் உட்காருகிற மேடையா, பஸ் கூட்டமா, கழிப்பறையா, ஒரு குறிப்பிட்ட வாத்தியாருடைய வகுப்பா என்பது அதில் தெரிந்துவிடும். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் தேர்ந்தெடுத்த இரண்டு பேர் குழுவில் வந்து உட்காரட்டும். எதைச் செய்வோம், எப்போது செய்வோம், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று குழு அடுத்த கூட்டத்துக்குள் பிள்ளைகளிடம் வாயால் சொல்ல வேண்டும். முடியாது என்பதும் ஒரு பதில்தான். அதைக் காரணத்தோடு சொன்னால் பிள்ளை ஒப்புக்கொள்ளும். வெளியூர்க் காசு வேண்டிய காரியமானால், சுவரோ தண்ணீரோ விளக்கோ, அதைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடுங்கள். பிள்ளைக்கு அங்கே ஓட்டு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்காத ஒரு தாயாரிடம் கொடுங்கள். ஒரு பிள்ளை இன்னொருவன் மேல் புகார் சொன்னால், இரண்டு பேரையும் எதிரும் புதிருமாக நிறுத்திப் பஞ்சாயத்துப் பண்ணுகிற வேலையை மட்டும் தயவு செய்து செய்யாதீர்கள். சொன்னவன் பெயர் வெளியில் போகாமலிருக்கவும், அவன் கொஞ்ச நாளைக்குத் தனியாக நடக்காமலிருக்கவும் யாராவது இரண்டு பேர் பொறுப்பு ஏற்றுக் கொள்ளட்டும். மேனியில் கை வைத்த சங்கதியானால் பஞ்சாயத்தே கிடையாது, அன்றைக்கே போலீஸ்.

உபாத்தியாயர்கள் சிலர் இந்தக் கூட்டத்தில் இருப்பதைப் பார்க்கிறோம். இதனால் தங்கள் அதிகாரம் போய்விடுமே என்று அவர்கள் நினைக்க வேண்டாம். பிரம்பைக் கண்டு அடங்குகிற வகுப்பு, பிரம்பு வெளியே போனதும் சந்தைக் கூச்சல் போடும் என்பது அவர்களுக்கே தெரியும். பிள்ளைகளோடு சேர்ந்து போட்ட விதியைப் பிள்ளைகளே காவல் காக்கும். அன்றியும், உபாத்தியாயருக்கும் குறைகள் உண்டு. வேறு ஜாதி உபாத்தியாயர் என்பதற்காக ஊரார் செய்கிற இடைஞ்சலும் உண்டு. கும்பிடு போட்டுப் பழகிய பிள்ளை அவருக்கு ஒத்தாசைக்கு வராது. பேசப் பழகிய பிள்ளைதான் வரும்.

நேரமாகி விட்டது. தறிக்காரர்கள் விடிவதற்கு முன் எழுந்திருக்க வேண்டியவர்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும், வழக்கம்போல் கேள்விகளுக்கு இடம் விட்டிருக்கிறோம். நாம் சொன்னதில் தப்பு இருந்தாலும் கேட்கலாம், நம்பிக்கை இல்லாவிட்டாலும் கேட்கலாம். எதிரில் தரையில் இருக்கிற பிள்ளைகள் முதலில் கேட்கட்டும். பெரியவர்கள் கேள்வியைப் பிறகு எடுத்துக் கொள்வோம்.